முட்டை சேர்த்தது, முட்டை சேர்க்காதது

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி மாடியில் எனக்குச் சின்னதாக ஒரு ஆபீஸ் இருக்கிறது. கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வது, ஓட்டல்காரர்களுக்கு உணவு லைசென்ஸ் எடுத்துக் கொடுப்பது, பான் கார்டில் அப்பா பெயர் தப்பாக விழுந்திருந்தால் திருத்துவது, இவைதான் பிழைப்பு. ஆனால் வாசல் போர்டில் கடைசி வரியாக ‘ஏற்றுமதி, இறக்குமதி ஆலோசகர்’ என்றும் எழுதி வைத்திருந்தேன். அந்த வரியை நம்பி ஒரே ஒருவர்தான் படியேறி வந்தார். மலேசியாவில் இருக்கும் மகனுக்கு எலுமிச்சை ஊறுகாய் அனுப்ப வேண்டும் என்றார். கூரியர் ஆபீஸ் கீழே எதிர்ப்பக்கம் என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.

போர்டில் நான் பொய் எழுதவில்லை. ஊருக்குத் திரும்புவதற்கு முன் பதினெட்டு வருஷம் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெருவில், கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்த்தேன். கப்பலில் வரும் சரக்குக்கு எண் போடுவது என் வேலை. எந்தப் பொருளும் இந்த நாட்டுக்குள் காலடி வைப்பதற்கு முன்னால் அது என்ன பொருள் என்று முடிவாக வேண்டும். முடிவு செய்து, அதற்கென்று டாரிஃப் புத்தகத்தில் இருக்கிற எட்டு இலக்க எண்ணைப் போட வேண்டும். எண்ணைப் பொறுத்துத்தான் வரி. பிள்ளைகள் மணலில் விளையாடுகிற சின்ன வாளி வந்தால், அது வாளியா பொம்மையா என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொள்வோம். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது வேதம்.

ஊருக்கு வந்த பிறகு அந்த வேதத்தைக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, இந்த அப்பளம் எந்த அத்தியாயத்தில் வரும் தெரியுமா என்று ஆரம்பித்தால், என் மனைவி ரசத்தை ஊற்றி என் வாயை அடைத்துவிடுவாள்.

இப்படிக் கிடந்தவனைத் தேடி ஒரு நாள் மத்தியானம் அவளுடைய தம்பி வந்தான். அவனுக்கு அரியலூரில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துத் தொழில் கற்றவன். சிமென்ட் ஆலைக் குடியிருப்புகளில் இருக்கிற வடக்கத்தி, ஆந்திரா குடும்பங்கள் என்னென்ன கேட்கின்றன என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதையெல்லாம் வாங்கி அடுக்கியே மேலே வந்தவன். மேஜை மீது ஒரு பாக்கெட்டைப் போட்டான்.

“இதுல என்ன போட்டிருக்குன்னு படிங்க மாமா.”

படித்தேன். பாஸ்தா. மக்காச்சோள மாவு, அரிசி மாவு. இத்தாலியில் செய்தது.

“கோதுமை ஒத்துக்காதவங்களுக்காம். இன்ஜினியர் வூட்டம்மாங்க வந்து வந்து கேக்குறாங்க. நம்ம குன்னத்துச் சோளம் கோழித் தீவனத்துக்குப் போவுது, அவன் ஊருச் சோளம் இங்க கண்ணாடி அலமாரில உக்காந்திருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் வைக்கிறதுதான் வெலன்னு இருக்கு. நாமளே நேரா எறக்குனா என்ன?”

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: மாப்ள, பேசாமல் டிஸ்ட்ரிபியூட்டரிடமே வாங்கு. ஆனால் என் போர்டின் கடைசி வரிக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்திருந்தது.

“தாராளமா எறக்கலாம்” என்றேன்.

இறக்குமதியாளர் எண் வாங்கினோம். உணவுப் பொருள் இறக்குமதி செய்ய அதற்கென்று தனி லைசென்ஸ் வேண்டும், அதையும் வாங்கினோம். ஒரு கண்காட்சியில் விசிட்டிங் கார்டு வாங்கி வைத்திருந்த இத்தாலிக்காரருக்கு என் மைத்துனன் போனிலேயே மொழிபெயர்த்து மெயில் அனுப்பினான். அவர் பதிலுக்கு அனுப்பியதை அதே போன் தமிழில் ‘அன்பான ஐயா, உங்கள் மாவு சந்தோஷம்’ என்று மாற்றிக் கொடுத்தது. அதிலும் வியாபாரம் முடிந்தது. முழு கன்டெய்னர் இல்லை. யார் யாருடைய சரக்கோ ஏற்றிய ஒரு கன்டெய்னரின் மூலையில் மரத்தட்டில் அடுக்கிக் கட்டிய இரண்டு பேலட் எங்களுடையது. குழாய் மாதிரி ஒன்று, சங்கு மாதிரி ஒன்று, ரிப்பனைச் சுருட்டிக் குருவிக்கூடு மாதிரி வைத்தது ஒன்று என்று மூன்று ரகம்.

கப்பல் வருவதற்குள் நான் எண் போட உட்கார்ந்தேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பாஸ்தாவுக்கு ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்குள்ளே சமைக்காதது, உள்ளே பூரணம் வைக்காதது என்று ஒரு பிரிவு. அந்தப் பிரிவுக்குள் முட்டை சேர்த்தது ஒரு எண், மற்றது வேறு எண். பூரணம் வைத்ததற்குத் தனி எண். இதை நான் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மைத்துனன் கேட்டான்: “அப்ப பூரணக் கொழுக்கட்டைக்கும் பிடிகொழுக்கட்டைக்கும் வேற வேற நம்பரா மாமா?”

“அது இதுல வராது. அது வேற.”

“எங்க வரும்?”

“இப்ப அது முக்கியமில்ல.”

உண்மையில் எங்கே வரும் என்று அன்று ராத்திரி தூங்காமல் யோசித்தேன். அது என் வியாதி.

இத்தாலிக்காரர் அனுப்பிய தாள்களை எழுத்தெழுத்தாகப் படித்தேன். குருவிக்கூடு ரகத்தில் மட்டும் முட்டை சேர்த்திருப்பது அப்படித்தான் தெரிந்தது. கண்டுபிடித்த பெருமையில் அதை மட்டும் தனியாகப் பிரித்து, முட்டை சேர்த்ததற்கான எண்ணைப் போட்டேன். என் பழைய ஆபீசில் கூட வேலை பார்த்து, இப்போது சொந்தமாக ஏஜென்ட் தொழில் செய்கிறவரிடம் தாள்களைக் கொடுத்து, சரக்கு வந்ததும் தாக்கல் செய்யச் சொன்னேன். அவர் போனில், “இதெல்லாம் யாருப்பா இப்பப் பாக்குறாங்க” என்றார். நான் பார்ப்பேன் என்றேன்.

அதே வாரம் என் மைத்துனன் அரியலூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தான். வெளிநாட்டு உணவு பாக்கெட்டில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், சைவமா அசைவமா என்ற குறி எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். மாதிரியை வாட்ஸப்பில் எனக்கு அனுப்பி, “சரியா மாமா?” என்று கேட்டான். நான் கொழுக்கட்டை யோசனையில் இருந்தேன். கட்டைவிரலை உயர்த்திய பொம்மை ஒன்றை அனுப்பினேன். அவன் ஸ்டிக்கர் கட்டை சிறுவாச்சூர் கோயிலில் வைத்துக் கும்பிட்டு, சரக்கு இறங்கியதும் பாக்கெட்டுகளில் ஒட்டுவதற்காகத் துறைமுகத்துக்கு அனுப்பினான்.

சரக்கு வந்தது. தாக்கல் செய்தோம். இப்போதெல்லாம் எண் சரியா என்று பார்க்கிற ஆபீசர் யார் என்று நமக்குத் தெரியாது. எந்த ஊரிலோ கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பார். முகம் தெரியாவிட்டால் நியாயம் நடக்கும் என்று வைத்திருக்கிற ஏற்பாடு. அந்த முகமில்லாதவரிடமிருந்து மூன்றாம் நாள் கேள்வி வந்தது. பொருள் மக்காச்சோளத்தால் ஆனது. ஆகவே இதைக் கார்ன் ஃபிளேக்ஸ் வகையில் ஏன் வைக்கக் கூடாது என்று விளக்கவும்.

மைத்துனன் பதறிப்போய் போன் செய்தான். நான் என் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு, “கவலப்படாத, நான் பாத்துக்கறேன்” என்றேன். எத்தனை வருஷம் ஆயிற்று இப்படி ஒரு கேள்வியைப் பார்த்து! இரண்டு பக்கம் எழுதினேன். கார்ன் ஃபிளேக்ஸ் என்பது தானியத்தை வறுத்தோ பொரித்தோ செய்வது. இது மாவைப் பிசைந்து, வடிவம் கொடுத்து, உலர்த்தியது. டாரிஃபுக்கு உலகம் முழுக்க வைத்துப் படிக்கிற விளக்கக் குறிப்பிலேயே கோதுமை, சோளம், அரிசி, உருளைக்கிழங்கு எந்த மாவில் செய்தாலும் பாஸ்தாதான் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து வைத்தேன்.

பதில் வந்தது. ‘பாஸ்தா கோதுமையால் செய்யப்படுவது என்பது பொதுவாக அறியப்பட்டது.’ சரக்கைத் திறந்து சோதிக்கவும் உத்தரவு போட்டிருந்தார்.

நானும் மைத்துனனும் பஸ் ஏறினோம்.

துறைமுகக் கிடங்கில் சோதனை செய்ய வந்த ஆபீசருக்கு முகம் இருந்தது. நல்ல வழுவழுப்பான முகம். பெட்டியைத் திறக்கச் சொன்னார். குழாய் ரகத்தில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

“பாஸ்தாதானே இது?”

“பாஸ்தாதான் சார்.”

“அப்புறம் என்ன?”

“சோளத்துல பண்ணது சார். அதான் கேள்வி வந்திருக்கு.”

அவர் தாளைப் பார்த்தார். “அரியலூர். எங்க இருக்கு அது?”

“திருச்சிக்கு இந்தப் பக்கம் சார். சிமென்ட் ஃபேக்டரி எல்லாம் இருக்கு.”

“அங்க யாரு இதத் திங்கிறாங்க?” என்று கேட்டுவிட்டு, என் மைத்துனனை அப்போதுதான் மேலும் கீழும் பார்த்தார். “யாருக்காக எடுக்குறீங்க?”

“எனக்காகத்தான் சார். கடை வச்சிருக்கேன்.”

“உண்மையச் சொல்லுங்க. யாரோ பெரிய பார்ட்டி உங்க பேர்ல எடுக்கறான், அதான? அப்பா என்ன பண்றாரு?”

டாரிஃப் புத்தகத்தின் தொண்ணூற்றெட்டு அத்தியாயத்திலும் இறக்குமதியாளரின் அப்பா என்ன செய்கிறார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. என் மைத்துனன் ஒளிக்காமல் சொன்னான்.

“வெவசாயம் சார். மூணு ஏக்கர் வாங்கி மக்காச்சோளம் போடுறாரு. அதுக்கு முன்னால அடுத்தவங்க காட்டுல களை வெட்டுனாரு.”

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். விவரம் தெரிந்த ஆள் நான்தான் என்று எப்படியோ தீர்மானித்திருந்தார். “களை வெட்டுனவர் மகன் இத்தாலிலேர்ந்து பாஸ்தா எறக்கறாரு. நாடு எங்கயோ போயிட்டுது சார்” என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

யோசித்துச் சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் அந்தக் கிடங்குகளில் எத்தனையோ ஆபீசர்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சிரித்ததும் நாம் சிரித்தால் தாளில் கையெழுத்து விழும். அது என் முகத்தில் பதிந்துபோன வேலை. ஆபீசரும் கையெழுத்துப் போட்டார். ‘பார்வைக்கு உலர்ந்த பாஸ்தா போல உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மைத்துனன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தான். தொழுதூர் தாண்டியதும் திரும்பினான்.

“மாமா, அந்தாளு சொன்னதுக்கு நீங்க எதுக்கு சிரிச்சீங்க?”

“சரக்கு வெளில வரணும்ல மாப்ள.”

“சரக்கு வரட்டும், வராட்டிப் போவட்டும். உங்க அப்பாவும் எங்க அப்பாவும் ஒரே காட்டுலதான களை வெட்டுனாங்க?”

ஒரே காட்டில்தான் வெட்டினார்கள். அந்தப் பழக்கத்தில்தான் எனக்குப் பெண்ணே கொடுத்தார்கள். டாரிஃபில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பக்க எண்ணோடு சொல்லியிருப்பேன்.

வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. “கேட்டது சரிதான்” என்றாள். “அங்க எவன் எதுக்குச் சிரிச்சாலும் கூடச் சிரிக்கிறீங்க. இங்க நான் சாம்பார்ல உப்பு கம்மின்னா மூணு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறீங்க.”

எண் விவகாரம் தீர்ந்த விதம்தான் இதில் எனக்கு இன்னமும் ஆறவில்லை. நான் மறுபடி நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது ஏஜென்ட் போன் செய்தார். “எதுக்குப்பா இவ்வளவு எழுதற? போன மாசம் ஒரு பெரிய கம்பெனிக்கு அரிசி பாஸ்தா இதே எண்ணுல போட்டேன். ஒரு கேள்வி வரல.”

“அரிசின்னா பாஸ்தா, சோளம்னா இல்லையா?”

“அவங்க பெரிய கம்பெனிப்பா” என்றார், எண்ணைப் படிப்பது போன்ற குரலில்.

நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அந்தப் பெரிய கம்பெனியின் தாக்கல் எண்ணைக் குறிப்பிட்டு, இதுவும் அது போன்றதே என்று ஒரே வரி அனுப்பச் சொன்னேன். மறுநாளே கேள்வி மூடப்பட்டது. ஏன் என்று ஒரு சொல் இல்லை. என் விளக்கத்தையும் நகலையும் முகமில்லாதவர் படித்தாரா என்பதும் தெரியாது. சட்டம் படித்து ஜெயித்ததாக ஊரில் சொல்லிக்கொள்ள முடியாமல் போயிற்று.

ஆனாலும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது உணவுப் பாதுகாப்பு. அதற்காக மறுபடி இருவரும் பஸ் ஏறினோம். கஸ்டம்ஸ் அது என்ன பொருள் என்று பார்ப்பார்கள். இவர்கள் அதைச் சாப்பிடலாமா என்று பார்ப்பார்கள். மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவதற்கு முன் லேபிளைச் சரிபார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். குரலை உயர்த்தாத மனுஷி. எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு கையில் எங்கள் தாக்கல் நகலையும் மறு கையில் குருவிக்கூடு பாக்கெட்டையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

“இதுல முட்டை இருக்குன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா மேடம்” என்றேன் பெருமையாக. “அதுக்குன்னு தனி எண். பல பேர் கவனிக்க மாட்டாங்க.”

“ஸ்டிக்கர்ல பச்சைப் பொட்டு இருக்கே?”

எட்டிப் பார்த்தேன். இருந்தது. பளிச்சென்று, வட்டமாக. மூன்று ரகத்துக்கும் பிரஸ்காரர் ஒரே மாதிரி பச்சைப் பொட்டு வைத்து அடித்திருந்தார். முட்டை சேர்ந்தால் பழுப்பு முக்கோணம் போட வேண்டும்.

“கஸ்டம்ஸுக்கு முட்டை இருக்கு” என்றார் அவர், அதே குரலில். “வாங்கிச் சாப்பிடறவங்களுக்கு இல்லையா?”

நான் அந்த முட்டைக்காக எத்தனை தாள் புரட்டியிருந்தேன்! அதைச் சாப்பிடப்போகிற ஒரு ஆள் இருக்கிறார் என்பது மட்டும் என் நினைவில் வரவேயில்லை.

“யாரு இதச் சரிபார்த்தது?” என்று கேட்டார்.

என் மைத்துனன் முந்திக்கொண்டான். “நாந்தான் மேடம். வெவரம் தெரியாம அடிச்சுட்டேன்.”

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாட்ஸப் செய்தி அவன் போனில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு முன் அவன் அப்பாவைச் சொல்லிச் சிரித்தவனோடு சேர்ந்து சிரித்தவன் நான். வாய் திறக்க எனக்கு அரை நிமிஷம் பிடித்தது. அது குறைவான நேரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

“இல்ல மேடம். அனுப்பிக் கேட்டாரு. பாக்காம சரின்னு சொன்னது நாந்தான்.”

அந்த அம்மாள் இருவரையும் பார்த்தார். “யாரா இருந்தாலும் மாத்தி ஒட்டுங்க. அனுமதிக்கு எழுதிக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த விவகாரம் முழுவதிலும் கேட்க வேண்டியதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

புது ஸ்டிக்கர் அடித்து வாங்கிக்கொண்டு, கிடங்கில் இருவரும் தரையில் உட்கார்ந்தோம். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றார் ஏஜென்ட். வேண்டாம் என்றான் மைத்துனன். பழைய ஸ்டிக்கர் லேசில் உரியவில்லை. கல்யாணப் பத்திரிகைக்காரர் நல்ல பசையாகப் போட்டிருந்தார். நகத்தால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, பழுப்பு முக்கோணத்தை ஒட்டினோம். காலையில் ஆரம்பித்தது சாயந்திரம்தான் முடிந்தது. மத்தியானம் தயிர் சாதப் பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தான். என் ஒரு விரலில் நகம் கிழிந்து ரத்தம் வந்தபோது அவனே ஒரு ஸ்டிக்கரை எடுத்து விரலில் சுற்றி ஒட்டினான். “மாமாவும் அசைவம்” என்றான். பஸ்ஸில் அன்றைக்குக் கேட்ட பிறகு அவன் என்னோடு சிரித்துப் பேசியது அப்போதுதான்.

லேபில் குறை ஒன்றும் இல்லை என்று தாள் வந்தது. சரக்கு அரியலூர் வந்து சேர்ந்தது. கடை வாசலில் ‘இத்தாலியிலிருந்து நேரடி இறக்குமதி’ என்று பேனர் கட்டி, பாக்கெட்டுகளை நடு அலமாரியில் அடுக்கினான். முதல் நாள் நானும் போய் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். குடியிருப்பிலிருந்து வழக்கமாக வருகிற ஒரு அம்மா வந்தார். சோள பாஸ்தாவை முதன்முதலில் கேட்டு வாங்கிப் பழக்கியதே அவர்தான் என்று மைத்துனன் என் காதில் சொன்னான். அவர் குழாய் பாக்கெட்டை எடுத்தார், திருப்பினார், ஸ்டிக்கரைப் படித்தார்.

“என்ன இது, அரியலூர்னு போட்டிருக்கு?”

“அது எறக்குமதி பண்ணவரு அட்ரஸ்ங்க. கவர்ன்மென்ட் ரூல். கட்டாயம் போடணும்.”

“பண்ணது எங்க?”

“இத்தாலிதாங்க. இதோ பாருங்க, கீழ இருக்கு.”

அந்த அம்மா பேனரைப் பார்த்தார். என் மைத்துனனைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பழக்கமாக இருந்தது. “முன்னாடி வருமே, அந்த பிராண்ட் இல்லையா? அது பாம்பே அட்ரஸ் இருக்கும்” என்றார்.

“அதுவும் இதுவும் ஒண்ணுதாங்க.”

“இல்ல, அதுன்னா ஒரிஜினல்.”

பாக்கெட்டை வைத்துவிட்டு, துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஒருவர் மட்டுமில்லை. வந்தவர்கள் எல்லாரும் திருப்பினார்கள், படித்தார்கள், வைத்தார்கள். கப்பலில் வந்து, கார்ன் ஃபிளேக்ஸ் இல்லையென்று நிரூபித்து, லேபில் தேறி வந்த சரக்கு, அரியலூர் என்ற ஒரு சொல்லில் உள்ளூர்ச் சரக்காகிவிட்டது. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தால் சாமான் விற்காது என்று எந்த அத்தியாயத்திலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விற்றது குருவிக்கூடு மட்டும்தான். அதில் ஒட்டியிருந்த பழுப்பு முக்கோணத்தைப் பார்த்து, “முட்டை போட்டு பாஸ்தா பண்ணுவானா நம்மாளு? இது ஃபாரின்தான்” என்று ஒருவர் எடுத்தார். அவர் சொல்லி அவருடைய தெருவே வந்து எடுத்தது. என் தவறில் உரித்து ஒட்டிய பாக்கெட்டுகள் எல்லாம் பத்து நாளில் தீர்ந்தன. சரியாக இருந்தவை அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தன.

குழாயையும் சங்கையும் கடைசியில் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்கு வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். இறக்கிக் கொடுக்க நானும் கூடப் போனேன். ஹாஸ்டல் சமையல்காரர் ஒரு பிடி எடுத்துப் பார்த்து, “என்னது இது?” என்று கேட்டார். எனக்கு நாக்கு வரை வந்தது: பத்தொன்பதாம் அத்தியாயம், சமைக்காதது, பூரணம் வைக்காதது. மைத்துனன் முந்திக்கொண்டு, “சோளத்துல பண்ணதுண்ணே, வேகவச்சு தாளிச்சிருங்க” என்றான். அவர் கடுகு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுத் தாளித்து, உப்புமாவாகக் கிளறி எங்களுக்கும் ஒரு தட்டு கொடுத்தார். நன்றாகவே இருந்தது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

இப்போது என் மைத்துனன் மறுபடி அதே டிஸ்ட்ரிபியூட்டரிடம், அவர் வைக்கிற விலைக்கு வாங்கி விற்கிறான். பாம்பே முகவரி ஒட்டியது வருகிறது. அந்த அம்மாவும் வருகிறார். நஷ்டத்தைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மனைவி அவனுக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறாள்.

சமீபத்தில் வியாபாரிகள் சங்கத்தில், சிறு வணிகர்களுக்கு இறக்குமதி வாய்ப்புகள் என்று ஒரு கூட்டம் போட்டு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். ஒரு மணி நேரம் பேசினேன். எண் போடுவது எப்படி, முகமில்லாத ஆபீசருக்குப் பதில் எழுதுவது எப்படி என்று விளக்கினேன். எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவருக்காக ஒரு முக்கியமான வழக்கில் வாதாடி வென்றதாகவும் சொன்னேன். கைதட்டினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பாஸ்தா என்ற சொல் என் வாயில் வரவில்லை. இரண்டாவது வரிசையில் என் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். கேள்வி கேட்கலாம் என்று தலைவர் சொன்னதும் கையைத் தூக்கினான்.

நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“கொழுக்கட்ட எந்த அத்தியாயத்துல சார் வரும்?” என்று கேட்டான். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும்.